சனியைப் பிடித்த கதை

"சனியன் பிடித்தவனே!" என்று என் தாயார் என்னை ஏசாத வாரம் கிடையாது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் அந்த வசைதான். தேர்வுக் கட்டணம் கட்ட மறந்தாலும் அந்த வசைதான். ஆனால், சனி வந்து என்னைப் பிடிக்கட்டும் என்று காத்திராமல் நானே சனியைப் பிடிக்க மொட்டைமாடிக்கு ஏறிய அன்று அம்மா ஏசவில்லை. பூசை மாடத்தில் ஓசைப்படாமல் ஓர் எள் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, "போறதுதான் போறே, கால் கழுவிட்டு வந்து படு" என்று மட்டும் சொன்னாள்.

அன்று 2023 டிசம்பர் 20. சனிப்பெயர்ச்சி நாள். கோயிலில் கூட்டம் நெரிந்தது. பெயர்ந்ததாகச் சொல்லப்பட்ட அந்தக் கிரகமோ மேற்கு வானில், பக்கத்து வீட்டுத் தென்னைக்கு மேலே, மங்கிய மஞ்சள் நிறத்தில், யாரையும் துன்புறுத்தும் எண்ணமே இல்லாததுபோல் அமைதியாக நின்றுகொண்டிருந்தது. தொலைநோக்கியில் கண்ணை வைத்தேன். ஒரு சிறு உருண்டை. அதைச் சுற்றி ஒரு வளையம். பாடப்புத்தகத்தில் எத்தனை முறை பார்த்த படம்! ஆயினும், அது உண்மையாகவே அங்கே தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதை அன்றுதான் நம்பினேன். "அம்மா! வளையம் தெரியுது!" என்று கத்தினேன். கீழேயிருந்து பதில் வரவில்லை. விளக்கில் எண்ணெய் ஊற்றும் ஓசை மட்டும் கேட்டது.

நண்பர்களே, அந்தத் தொலைநோக்கி வந்த வழியைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. என் அக்கா திருப்பெரும்புதூர்ப் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பில் என்னைவிட அதிக மதிப்பெண் எடுத்தவள். அப்பா காலமான ஆண்டு அது. கல்லூரி விண்ணப்பத்துக்குப் பதிலாகத் தொழிற்சாலை விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தாள். பள்ளியில் அரசு அவளுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினியும் என் கைக்கு வந்து சேர்ந்தது. நான் இயற்பியல் வகுப்பில் சேர்ந்த ஆண்டு, தீபாவளி போனஸ் வாங்கியவுடன் போனில் அழைத்து, "உனக்கு என்னடா வேணும்?" என்றாள். சட்டை கேட்பேன் என்று எண்ணியிருப்பாள். "டெலிஸ்கோப்" என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "எவ்வளவு?" என்றாள்.

புதியது வாங்க வசதியில்லை. வேலூரில் ஓய்வு பெற்ற ஒருவர் தாம் வைத்திருந்ததை ஏழாயிரம் ரூபாய்க்குத் தர ஒப்புக்கொண்டார். 114 மில்லிமீட்டர் விட்டமுள்ள குவியாடி, 900 மில்லிமீட்டர் குவியத் தூரம், ஒரு முக்காலி, துருப்பிடித்த இரண்டு திருகுகள். அக்கா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். "அந்த வளையத்தை எனக்குக் காட்டணும்."

காட்டத்தான் நினைத்தேன். ஆனால் அவள் விடுதியில் தங்கி முறைவேலை பார்ப்பவள்; இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் உண்டு. அவள் வந்த நாளெல்லாம் மேகம். மேகமில்லாத நாளில் அவள் இல்லை. அவளும் வந்து மேகமும் விலகிய ஓர் இரவில் சனி சூரியனுக்கு அருகே போய் ஒளிந்துகொண்டது. "போட்டோ எடுத்து வைடா, வந்து பார்த்துக்கறேன்" என்றாள். நான் கோள்களைப் படம் பிடிக்கத் தொடங்கியது இப்படித்தான். அறிவியல் ஆர்வம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் காரணம் அக்காவின் விடுப்புப் பட்டியல்.

கண்ணருகு வில்லையில் கைப்பேசியை ஒட்டி வைத்து முதலில் எடுத்தது வியாழனை. படத்தில் விழுந்தது ஓர் அரிசிமாவு உருண்டை! கண்ணுக்கு இரண்டு பட்டைகள் தெளிவாகத் தெரிகின்றன, படத்திலோ ஒன்றுமில்லை. சுற்றியுள்ள இருட்டைக் கண்டு மிரண்ட கைப்பேசி, ஒளியை அளவுக்கு மீறி உள்ளே விட்டுவிடுகிறது என்பது பிறகுதான் விளங்கிற்று. ஒளியைக் குறைக்கக் குறைக்கப் பட்டைகள் வெளிவந்தன. ஆனாலும் எல்லாம் நடுங்கிற்று.

அடுத்து, மூடிப்போன இணைய மையம் ஒன்றிலிருந்து முந்நூறு ரூபாய்க்கு ஒரு பழைய வெப் காமிரா கிடைத்தது. அதன் வில்லையைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளேயிருக்கும் சில்லின் மேலேயே தொலைநோக்கியின் பிம்பத்தை விழச் செய்ய வேண்டும். காமிராவைத் தொலைநோக்கியோடு எதைக் கொண்டு இணைப்பது? கடைத்தெரு ஸ்டூடியோ அண்ணனிடம் போய் நின்றேன். பழைய பெட்டியைத் துழாவி, பிலிம் சுருள் வரும் கறுப்பு டப்பா ஒன்றைக் கொடுத்தார். கண்ணருகு வில்லை செருகும் துளை ஒன்றேகால் அங்குலம். பிலிம் டப்பா அதில் அளவெடுத்துச் செய்தாற்போல் பொருந்திற்று! பிலிம் காலம் போன பிறகும் பிலிம் டப்பாவுக்கு ஒரு வேலை இருந்தது. அண்ணன் காசு வாங்கவில்லை. "சனி படத்தை மட்டும் என் கடைக்கு அனுப்பிடாதே" என்றார்.

முக்காலியின் சங்கதி தனி. பூமி சுழல்வதால் கோள் நில்லாமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அரை நிமிடத்துக்குள் காமிராவின் பார்வையைக் கடந்து ஓடிவிடும். அதைத் தொடர வேண்டுமானால் தாங்கியின் அச்சு துருவத்தை நோக்கியிருக்க வேண்டும். ஐரோப்பியருக்கு வடதுருவ விண்மீன் வானில் உயரத்தில் இருக்கும்; நமக்கோ தொடுவானத்திலிருந்து பன்னிரண்டரைப் பாகைதான், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். என் தாங்கியின் அச்சு அவ்வளவு கீழே சாய மறுத்தது. தென்புறக் காலுக்கு அடியில் ஒரு செங்கல்லை வைத்தேன், சாய்ந்தது. இதற்கு மாறாக நமக்கொரு வரமும் உண்டு. குளிர்நாட்டு ஆர்வலர்கள் சில ஆண்டுகளில் கோள்களைத் தொடுவானத்தின் அழுக்குக் காற்றினூடே பார்த்துப் பெருமூச்சு விட வேண்டும். நமக்கு அவை ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே வந்து நிற்கின்றன. பிலிப்பைன்ஸில் செபு நகரத்து கிறிஸ்டோபர் கோ என்பவரும் நம்மைப்போல் நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பவர்தான். வியாழனில் வெள்ளையாயிருந்த ஒரு புயல் சிவந்துவிட்டதை 2006இல் உலகுக்கு முதலில் அறிவித்தவர் அவர். தொழில்முறை வானியலாளர் அல்லர்.

இரவில் குழாயை வைத்துக்கொண்டு மாடியில் திரிபவனைத் தெரு என்ன நினைக்கும்? எதிர்வீட்டுப் பாட்டி, நான் வீடுகளுக்குள் எட்டிப் பார்ப்பதாக அம்மாவிடம் புகார் சொன்னார். மறுநாள் அவரை மாடிக்கு அழைத்து நிலவைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஐயோ, முகமெல்லாம் அம்மைத் தழும்பு" என்று இரக்கப்பட்டார். அதன்பின் புகார் இல்லை.

இனி, படம் பிடிக்கும் முறையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால் என் குற்றமும் அதில்தான் இருக்கிறது.

ஒரு பாகையை 3600 கூறாக்கினால் ஒரு கூறு ஒரு வில்விநாடி. முழுநிலவு 1800 வில்விநாடி அகலம். வியாழன் மிக அருகே வரும்போதும் 50க்குள். சனியின் உருண்டை 20க்கும் குறைவு. என் குவியாடி வியாழனுக்குத் தரும் பிம்பத்தின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. கடுகைவிடப் பன்மடங்கு சிறிது! அந்தப் பொட்டுக்குள்தான் பட்டைகளும் புயல்களும் வளையங்களும் அடங்க வேண்டும். இதற்கிடையே காற்று. ஓடும் வாய்க்காலின் அடியில் கிடக்கும் காசைப் பார்ப்பதுபோல், கோளின் விளிம்பு எந்நேரமும் நெளிந்துகொண்டே இருக்கிறது. பகலெல்லாம் வெயிலைக் குடித்த மொட்டைமாடி இரவில் அதைக் கக்குகிறது. மாலையில் நான்கு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். சற்றுப் பயன் இருந்தது. தண்ணீருக்காக வாங்கிய திட்டும் இருந்தது.

ஆனால் வாய்க்கால் நீரும் இடையிடையே ஒரு கணம் தெளியும் அல்லவா? அந்தக் கணத்துக்காகத்தான் ஒரே படம் எடுக்காமல் இரண்டு நிமிடம் சலனப்படமாகப் பதிவு செய்கிறோம். விநாடிக்கு 30 வீதம் 3600 படங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற மென்பொருள் அவற்றுள் தெளிவானவற்றைப் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுக்கிறது. 400 படங்களைச் சேர்த்தால் காமிராவின் புள்ளி இரைச்சல் இருபதில் ஒன்றாகக் குறையும். 400இன் வர்க்கமூலம் 20. வகுப்பில் புரியாத பிழைக் கோட்பாடு எனக்கு மாடியில் புரிந்தது. நேரத்தை நீட்டிக்கொண்டே போகவும் முடியாது. வியாழன் பத்து மணி நேரத்துக்குள் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடுகிறது. மூன்று நிமிடத்துக்கு மேல் போனால் அதன் புள்ளிகள் இழுபட்டுவிடும்.

இப்படிச் சேர்த்தெடுத்த படம் இரைச்சலற்றதாக, ஆனால் பனிமூட்டத்தில் பார்ப்பதுபோல் மங்கலாக இருக்கும். அதைக் கூர்மையாக்க ரெஜிஸ்டாக்ஸ் என்ற இன்னொரு மென்பொருள். அதில் ஆறு இழுவைப் பிடிகள். மெல்ல இழுத்தால் படத்தில் ஒளிந்திருப்பது வெளிவரும். மேலும் இழுத்தால் படத்தில் இல்லாததும் வெளிவரும்.

2024 நவம்பர் முதல் வாரத்தில் மழை விட்ட ஓரிரவு. காற்று அசையவில்லை. சனி உச்சியில் நின்றது. ஏழு முறை பதிவு செய்தேன். நள்ளிரவுக்குமேல் அக்காவின் மடிக்கணினி, விசிறி கதறக் கதற, படங்களைச் சேர்த்து முடித்தது. வளையம் ஒரே வெள்ளைப் பட்டையாகத் தெரிந்தது. எனக்கு அது போதவில்லை. புத்தகப் படங்களில் வளையத்தின் நடுவே ஒரு கறுப்புக் கோடு இருக்குமே! 1675இல் காசினி கண்டறிந்த இடைவெளி. அது வேண்டும் எனக்கு. முதல் பிடியை இழுத்தேன். இரண்டாவதை இழுத்தேன். மூன்றாவதைக் கடைசி வரை தள்ளினேன். திரையில், வளையத்தின் நடுவே, மைக்கோடு இழுத்தாற்போல் ஒரு கறுப்புக் கோடு தோன்றிற்று!

அந்த மகிழ்ச்சியை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அதற்கடியில் வேறொன்றும் இருந்தது. கோடு வளையத்தின் இரு ஓரங்களில் மட்டுமல்லாமல் உருண்டைக்கு முன்னாலும் ஓடிற்று. அங்கே வளையம் ஒரு நூல் அளவுதான். அதற்குள் எப்படிக் கோடு? இந்தக் கேள்வி எனக்கு அப்போதே தோன்றிற்று. தோன்றியதை, வாசலில் நிற்கும் கடன்காரனைப் பார்க்காததுபோல், பார்க்காமல் விட்டேன்.

படத்தை அக்காவுக்கு அனுப்பினேன். விடியற்காலை முறைவேலை முடித்துப் பார்த்திருக்கிறாள். "நம்ம டெலிஸ்கோப்லயாடா?" என்று எழுதியிருந்தாள். "நம்ம" என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அன்றே அதைத் தன் கைப்பேசியின் முகப்பில் வைத்துக்கொண்டாள். விடுதித் தோழிகள், வரிசை மேற்பார்வையாளர், வேன் ஓட்டுநர் எல்லாரும் பார்த்தார்களாம்.

2025 பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளையொட்டி நம் கல்லூரியில் இரண்டு நாள் கண்காட்சி நடந்ததை நீங்கள் அறிவீர்கள். என் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, "காசினி இடைவெளி தெளிவாகத் தெரிவதைக் காண்க" என்று கீழே எழுதி மாட்டினேன். கூட்டம் கூடிற்று. வணிகவியல் மாணவர்கள் தற்படம் எடுத்துக்கொண்டார்கள். முதற்பரிசு இதற்குத்தான் என்று காற்றிலே ஒரு செய்தி.

மாலையில் கூட்டம் கலைந்தபின் எங்கள் பேராசிரியர் வந்தார். முதலாமாண்டில் எங்களைச் சவ்வாது மலையிலுள்ள காவலூர் வான் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துச் சென்றவர் அவர்தான். படத்தின் முன் நின்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"இந்த வருஷம் வளையத்தோட சாய்வு எவ்வளவுப்பா?"

"நவம்பரில் ஐந்து பாகை சார்."

"நீளம்?"

"42 வில்விநாடி இருக்கும்."

"அப்போ குறுக்கே?"

42ஐ ஐந்து பாகையின் சைனால் பெருக்க வேண்டும். நான்கு வில்விநாடிகூடத் தேறாது. மனத்துக்குள் கணக்குப் போட்டேன். போடப் போட முகம் சுட்டது. சனி அன்று 136 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. காசினி இடைவெளியின் அகலம் 4800 கிலோமீட்டர். நமக்குத் தெரியும் அளவு முக்கால் வில்விநாடிக்கும் குறைவு. அதுவும் வளையத்தின் இரு கோடிகளில். உருண்டைக்கு முன்னால் அது சாய்ந்து நசுங்கி, ஒரு வில்விநாடியில் பதினைந்தில் ஒரு பங்காகிவிடும். என் குவியாடி பிரித்துக் காட்டக்கூடிய எல்லையோ ஒரு வில்விநாடி. கறுப்புக் கோட்டுக்குச் சிறிது சலுகை உண்டு. எல்லைக்கு உட்பட்ட கோடும் சில வேளை தெரியும். ஆனால் என் படத்திலிருந்த கோட்டுக்கு எந்தச் சலுகையும் செல்லாது. வெளிச்ச விளிம்பை அளவுக்கு மீறிக் கூர்மையாக்கினால் அதை ஒட்டி ஒரு கறுப்பு வரி தானே முளைக்கும். நான் மாட்டியிருந்தது சனியின் இடைவெளி அன்று, மென்பொருளின் வரி.

"எனக்குத் தெரியும் சார்" என்றேன். "தெரியும்" என்று சொன்னதுதான் எனக்கே வியப்பு.

பேராசிரியர் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் எளிதாயிருந்திருக்கும். காவலூரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. அதைக் காண அமெரிக்கர்கள் விமானத்தில் தொலைநோக்கியை ஏற்றிக்கொண்டு இந்துமாக்கடலுக்கு மேலே பறந்தார்கள். காவலூரில் 102 செண்டிமீட்டர் தொலைநோக்கி காத்திருந்தது. யுரேனஸ் வருவதற்கு முன்பே விண்மீனின் ஒளி ஒருகணம் மங்கிற்று. எதிர்பாராத மங்கல். காவலூரில் கண்டவர்கள் அது ஒரு புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று கருதினார்கள். பிற இடங்களின் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது அது யுரேனஸின் வளையம் என்று தெரிந்தது. "அவங்க கருத்து மாறிச்சு. பதிவு மாறலை. அந்தப் பதிவு இன்னிக்கும் செல்லும்" என்றார். பிறகு, "மூலப் படம் வெச்சிருக்கியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

அன்றிரவு எனக்கு அந்தோணி வெஸ்லியின் நினைவு வந்தது. ஆஸ்திரேலியாவில் கணினித் துறையைச் சேர்ந்த ஒரு வானியல் ஆர்வலர். 2009 ஜூலை 19இல் வியாழனைப் படம் பிடித்தபோது தென்துருவத்துக்கருகே ஒரு கறுப்புத் தழும்பைக் கண்டார். துணைக்கோளின் நிழலோ என்று முதலில் ஐயுற்றார். இடமும் வேகமும் பொருந்தவில்லை. ஏதோ ஒன்று வியாழனில் மோதியிருக்கிறது என்று உலகுக்குத் தெரிவித்தார். ஹவாயிலிருந்த பெரிய தொலைநோக்கி அதை உறுதி செய்தது. சில நாளில் ஹப்பிளும் திரும்பிப் பார்த்தது. ஒரு தனிமனிதன் தன் வீட்டுத் தொலைநோக்கியில் எடுத்த படத்தை நம்பி ஹப்பிளையே திருப்புகிறார்கள்! அவர் படத்தில் கறுப்பாக ஒன்று தெரிந்தால் அது வியாழனில் இருக்கும் என்ற நம்பிக்கை அது. நாளைக்கு என் படத்திலும் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முன்பே போய், கூர்மையாக்காத மங்கலான படத்தையும் அச்சிட்டு அருகே மாட்டினேன். பழைய வாசகத்தைக் கிழித்துவிட்டு, "இடப்பக்கம்: தொலைநோக்கி தந்தது. வலப்பக்கம்: அளவுக்கு மீறிக் கூர்மையாக்கியது. நடுவிலுள்ள கறுப்புக் கோடு உண்மையன்று" என்று எழுதினேன். 'உண்மையன்று' என்று எழுதும்போது பேனா சற்றுத் தயங்கிற்று. அன்றைய கூட்டம் பாதியாகக் குறைந்தது. நின்று பார்த்தவர்கள் வலப்பக்கத்தையே பார்த்தார்கள். பரிசு தாவரவியல் துறைக்குப் போயிற்று. அவர்களுடைய காளான் வளர்ப்பு உண்மையிலேயே நன்றாக இருந்தது.

கண்காட்சி எளிது. அக்காவிடம் சொல்வதுதான் மீதியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவளே அழைத்தாள். பரிசு என்னவாயிற்று என்று கேட்டாள். முழுவதையும் சொன்னேன். சைன், வில்விநாடி என்று நான் அடுக்கிக்கொண்டே போக, அவள் இடையிலே நிறுத்தி, "அந்தக் கோடு இல்லைங்கிறியா?" என்றாள்.

"சனியில இருக்கு அக்கா. நம்ம படத்துல இல்ல. நான் வரவெச்சது."

"லைன்ல எல்லாருக்கும் காட்டிட்டேனேடா."

என்னிடம் அதற்குப் பதிலில்லை. நெடுநேரம் கழித்து, "சரி, நிஜப் படத்தை அனுப்பு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அனுப்பினேன். இரண்டு நாள் ஒரு சொல்லும் வரவில்லை. அக்காவுக்குத் தொழிற்சாலையில் வேலை என்ன தெரியுமா? கைப்பேசித் திரைகளை வெள்ளை விளக்கின்கீழ் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, கீறலோ கோடோ இருந்தால் ஒதுக்கி வைப்பது. எட்டு மணி நேரமும் அதுதான். மூன்றாம் நாள் இரவு செய்தி வந்தது: "பழைய படம் எங்க டேபிள்ல ரிஜெக்ட். புதுசு பாஸ்." முகப்பில் எதை வைத்திருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

அதே மார்ச் 23ஆம் நாள் சனியின் வளையம் பூமிக்குத் தன் விளிம்பைக் காட்டி நின்றது. அப்போது சனி சூரியனுக்கு அருகே இருந்ததால் பார்க்க வழியில்லை. ஆண்டின் இறுதியில் மீண்டும் வளையம் ஒரு பாகைக்கும் குறைவாகச் சாய்ந்து, ஏறக்குறைய மறைந்தே போயிற்று. 1610இல் சனிக்கு இருபுறமும் இரு துணைகளைக் கண்ட கலிலியோ, 1612இல் அவை காணாமற்போகவே திகைத்துப் போனாராம். அவை வளையம் என்று ஹைகன்ஸ் விளக்கி நூல் எழுதியது 1659இல். கலிலியோவிடம் இழுவைப் பிடிகள் இல்லை. ஆகவே கண்டதை வரைந்தார், காணாததைக் காணவில்லை என்றே எழுதினார்.

2025 டிசம்பர் நடுவில் அக்காவுக்கு இரண்டு நாள் விடுப்புக் கிடைத்தது. இரவு எட்டு மணிக்குப் பையோடு வந்து இறங்கினாள். வானத்தைப் பார்த்தேன். துடைத்து வைத்தாற்போல் இருந்தது! சாப்பிடக்கூட விடாமல் மாடிக்கு அழைத்துப் போனேன். தொலைநோக்கி வாங்கி இரண்டு ஆண்டுக்குப் பிறகு, வாங்கிக் கொடுத்தவள் முதன்முறையாக அதில் சனியைப் பார்த்தாள்.

"வளையம் எங்கடா?"

"நல்லாப் பாரு. ரெண்டு பக்கமும் ஊசி மாதிரி."

பேசவில்லை. திரைகளைப் பார்க்கும் பழக்கமோ என்னவோ, அசையாமல் நின்றாள். நான் பொறுக்காமல், "இது ஒன்றேகால் மணி நேரத்துக்கு முன்னால கிளம்பின வெளிச்சம். நீ வேலூர்ல பஸ் மாறினப்போ கிளம்பியிருக்கும்" என்றேன்.

"தெரியுது" என்றாள் மெதுவாக. "ஊசிதான். மெல்லிசா இருக்கு." சிறிது கழித்து, "மறுபடி எப்போ விரியும்?"

"கொஞ்சம் கொஞ்சமா விரியும். முழுசா விரியறது 2032ல."

"அப்போ எனக்கு முப்பத்திரண்டு" என்றாள். "நீ வேலைக்குப் போயிருப்பே. கோடு தெரியற மாதிரி பெரிய டெலிஸ்கோப்பா வாங்கு. உன் காசுல." மீண்டும் குனிந்து கண்ணை வைத்தாள். "டேய், காணோம்டா!"

அதற்குள் பூமி சுழன்றுவிட்டிருந்தது. நான் திருகைத் திருப்பினேன்.